போர்ட்ஃபோலியோவில் எதை வைப்பது, எதை எடுப்பது?

போர்ட்ஃபோலியோ என்பது விண்ணப்பத்தோடு காட்டும் உங்கள் படைப்புகளின் தொகுப்பு. கவின்கலை, வடிவமைப்புப் படிப்புகளுக்கு விண்ணப்பிக்கத் தயாராகும் பிள்ளைகளும் பெற்றோரும் அதைப் பற்றி அனுப்பிய கேள்விகளில் சில.

கேள்வி: என்னிடம் நாற்பது படங்கள் இருக்கின்றன. பெரும்பாலும் நடிகர்களின் முகங்கள், போனைப் பார்த்துக் கட்டம் போட்டு வரைந்தவை. அப்படியே போட்டோ மாதிரி இருக்கிறது என்கிறார்கள். எத்தனை வைக்கலாம்? (பிளஸ் டூ மாணவி, விழுப்புரம்)

ஒன்று போதும். கட்டம் போட்டு வரைந்ததில் உங்கள் கை பழகியிருக்கும், பொறுமையும் வந்திருக்கும். அந்த உழைப்பு வீண் போகாது. ஆனால் வெளிச்சம் எந்தப் பக்கம், எதை உள்ளே வைப்பது, எதை விடுவது என்பதையெல்லாம் படம் எடுத்தவரே முடிவு செய்துவிட்டார். தேர்வு செய்பவர்கள் தேடுவது உங்கள் முடிவுகளை.

இன்றைக்கே சமையலறையிலிருந்து ஒரு சொம்பை எடுத்து ஜன்னலோரம் தரையில் வையுங்கள். வாய் வட்டம் என்று மனசு சொல்லும். கண்ணுக்குத் தெரிவது நீள்வட்டம். சொம்பைக் கண் மட்டத்துக்கு உயர்த்த உயர்த்த அது மெலிந்து, கடைசியில் வெறும் கோடாகிவிடும். புதிதாக வரைகிறவர்கள் பலரும் வாயை அழகாக வளைத்துவிட்டு, அடியைத் தட்டையாக முடித்துவிடுவார்கள். அப்படி முடித்தால் சொம்பு தரையில் உட்காராது, அந்தரத்தில் நிற்கும். பழகிய கண்ணுக்கு இது உடனே தெரிந்துவிடும். பத்து நாள், பத்துக் கோணத்தில் வரையுங்கள். அப்புறம் பேருந்து நிலையத்தில் உட்கார்ந்து ஆட்களை வரையுங்கள். பஸ் வந்து ஆள் எழுந்து போய்விட்டால் போகட்டும், அந்தப் பாதிப் படத்தையும் பத்திரமாக வையுங்கள்.

எண்ணிக்கையைக் கல்லூரி சொல்லியிருந்தால் அதன்படி. சொல்லவில்லை என்றால் நான் 15-ஐத் தாண்ட மாட்டேன். சுமாரானவை சேரச் சேர நல்லதும் எடுபடாமல் போகும்.

கேள்வி: எண்ணெய் வண்ணம், கேன்வாஸ் எல்லாம் வாங்க வசதியில்லை. பென்சிலும் பால்பாயிண்ட் பேனாவும்தான் இருக்கின்றன. போதுமா?

தாராளமாகப் போதும். 1969-இல் காந்தி நூற்றாண்டை ஒட்டி ஓவியர் ஆதிமூலம் வரைந்த காந்தி படங்களைத் தேடிப் பாருங்கள். கறுப்புக் கோடுகள்தான், வண்ணமே கிடையாது. 2பி, 4பி, 6பி பென்சில்கள் (எண் கூடக் கூடக் கருமை கூடும்), வரைவதற்கான கரிக்குச்சி கொஞ்சம், கார்ட்ரிட்ஜ் எனப்படும் தடித்த வரைதாள் சில வாங்கிக்கொள்ளுங்கள். பழகுவதற்குப் பழைய நோட்டின் மிச்சத் தாள்களே போதும். பால்பாயிண்டில் அழிக்க முடியாது என்பதால் கோடு போடுமுன் ஒருமுறை கூடுதலாகப் பார்ப்பீர்கள். அது பெரிய லாபம்.

கேள்வி: அப்பா போர்டு எழுதுபவர். நானும் கூட நின்று எழுதுவேன். இதையெல்லாம் போர்ட்ஃபோலியோவில் வைக்கலாமா?

கட்டாயம் வையுங்கள் தம்பி, தயங்கவே வேண்டாம். சுவரில் நூல் அடித்துக் கோடு எடுப்பது, தூரத்திலிருந்து படிக்கும்படி எழுத்துக்கு இடைவெளி விடுவது, ‘ழ’வின் சுழியை ஒரே இழுப்பில் முடிப்பது எல்லாம் நீங்கள் பக்கத்தில் நின்று கற்ற வித்தை. எழுத்து, படம் வழியாகச் செய்தி சொல்லக் கற்றுத்தரும் விஷுவல் கம்யூனிகேஷன் பிரிவுக்கு விண்ணப்பிக்கிறவருக்கு இதைவிட நல்ல தொடக்கம் ஏது? முடிந்த போர்டின் படத்தோடு, தாளில் நீங்கள் போட்ட முதல் வரைவையும் வையுங்கள். அப்பா எழுதிய பகுதி எது, உங்களுடையது எது என்பதை மறைக்காமல் குறிப்பிடுங்கள்.

கேள்வி: போனில் எடுத்தால் படங்கள் மஞ்சளாக, கோணலாக விழுகின்றன.

இரவில் பல்பு வெளிச்சத்தில் எடுத்திருப்பீர்கள். காலையில், நேர் வெயில் படாத திண்ணையிலோ ஜன்னலோரத்திலோ வைத்து எடுங்கள். ஃபிளாஷ் வேண்டாம், பென்சில் கருமை பளபளத்துவிடும். தாளைச் சுவரில் ஒட்டி, போனைத் தாளின் நடுவுக்கு நேராகப் பிடியுங்கள். வழக்கத்தைவிட ஓரடி பின்னால் தள்ளி நின்று லேசாக ஜூம் செய்தால் ஓரங்கள் வளையாது. ஃபில்டர் எதுவும் போட வேண்டாம்.

கேள்வி: டியூஷன் மாஸ்டர் என் மகளின் படங்களைத் ‘திருத்தி’த் தருகிறேன் என்கிறார். சம்மதிக்கலாமா?

வேண்டாம் அம்மா. நாளைக்கு அவள் முன்னால் ஒரு வெள்ளைத் தாளை வைத்து வரையச் சொன்னால், மாஸ்டரின் கை எது, அவள் கை எது என்று தனித்தனியாகத் தெரிந்துவிடும். குறையைச் சொல்லித் தரட்டும், அவளே மறுபடி வரையட்டும்.

கேள்வி: போர்ட்ஃபோலியோ நன்றாக இருந்தால் இடம் கிடைத்துவிடுமா?

அதை மட்டும் நம்ப வேண்டாம். நிஃப்ட் (தேசிய ஆடை வடிவமைப்புத் தொழில்நுட்ப நிறுவனம்) நடத்தும் வடிவமைப்புப் படிப்புக்கு எழுத்துத் தேர்வும், கொடுத்த பொருளை வைத்து அங்கேயே மாதிரி செய்யும் தேர்வும் உண்டு. என்ஐடி-யிலும் (தேசிய வடிவமைப்பு நிறுவனம்) இரண்டு கட்டத் தேர்வு. ஆகவே நேரம் வைத்து வரைந்து பழகுங்கள். சென்னைப் பிள்ளைகளுக்கு ஒரு பயிற்சி சொல்கிறேன்: எழும்பூர் அருங்காட்சியகத்தின் வெண்கலக் கூடத்தில் ஒரே ஒரு சிலை முன் கால் மணி நேரம் நில்லுங்கள். எடை எந்தக் காலில் இறங்குகிறது, இடுப்பு எந்தப் பக்கம் ஒடிகிறது என்று பாருங்கள். வெளியே வந்து, மரத்தடியில் உட்கார்ந்து நினைவிலிருந்து வரையுங்கள். பிறகு உள்ளே போய் ஒப்பிடுங்கள்.