ஐரிஷ் குழலுக்கு என்ன விலை சொல்றது?

கேள்வி: அக்கா வணக்கம். சின்ன வயசுல கர்நாடக புல்லாங்குழல் கத்துக்கிட்டேன், இப்ப மரத்துல ஐரிஷ் ஃப்ளூட் கடைஞ்சு விக்கிறேன், கீ (துளையை மூடற உலோக மூடி) இல்லாத டி ஸ்ருதி ஃப்ளூட், ஒரே மாடல்தான். மரம், ஸ்ருதி சரி பண்ற உலோக ஸ்லைடு எல்லாம் சேத்து 120 சிங்கப்பூர் வெள்ளி ஆகுது, 480 வெள்ளிக்குக் கொடுக்கிறேன். வாங்குறவங்க எல்லாருக்கும் பிடிச்சிருக்கு, ஆனா மாசக் கடைசியில கையில ஒன்னும் நிக்க மாட்டேங்குது. இதுல சில பேரு கை சின்னது, துளை எட்டல, புது மாடல் பண்ணுங்கன்னு வேற கேக்குறாங்க. விலையை ஏத்தலாமா? புது மாடலை எங்கேர்ந்து ஆரம்பிக்கிறது? - உட்லண்ட்ஸ் வாசகர்

பதில்: ஏத்துங்க தம்பி, தயங்காம ஏத்துங்க. சாமான் விலையை நாலால பெருக்கி விலை சொல்றீங்கன்னு பாத்ததுமே தெரியுது, ஆனா ஃப்ளூட்ல விலை மரத்துல இல்ல, உங்க நேரத்துல இருக்கு. கடையறது, நடுவுல நீளமா ஓட்டை போடறது, ரீமர்ங்கற வெட்டுக்கருவி விட்டு உள்ள கூம்பு மாதிரி எடுக்கறது, விரல் துளை போடறது, ஸ்ருதி சேக்கறது, எண்ணெய் போட்டு ஊற விடறதுன்னு ஒரு குழலுக்கு 18 மணி நேரம்னு வச்சுக்குவோம், மணிக்கு 30 வெள்ளி கூலி, அதுவே 540 ஆச்சு. சாமான் 120, பட்டறை வாடகை கரண்ட்டுன்னு ஒரு 80, மொத்தம் 740. இதுக்கு மேல இந்த மாடலைக் கொண்டு வர நீங்க செலவு பண்ண நேரம் இருக்கே, அதை யாருமே சேக்கறதில்ல. 70 மணி நேரமும் ரீமருக்கு 400 வெள்ளியும்னா 2,500, அதை 25 குழல் மேல பரப்பினா ஒன்னுக்கு 100, ஆக 840. பத்துல ஒன்னு வெடிச்சோ ஸ்ருதி சேராமலோ வீணாப் போகும்னு பாத்தா 930 கிட்ட வந்து நிக்குது, இதுல லாபம்னு எதுவும் இன்னும் சேக்கல. 480க்கு வித்தா சாமானும் வாடகையும் போக உங்களுக்கு மணிக்கு 15 வெள்ளி சொச்சம்தான், வீணாப் போனதையும் சேத்தா அதுவும் கிடையாது. நம்பரை உங்க சொந்தக் கணக்குக்கு மாத்திக்குங்க, ஆனா எந்த வரியையும் விட்டுடாதீங்க.

ஏற்கனவே சொல்லி வச்ச ஆர்டருக்கு பழைய விலையிலயே கொடுங்க, வாக்கு வாக்குதான், புது ஆர்டருக்கு புது விலை. ஆள் வருமான்னு பயப்படாதீங்க, காத்திருக்கற பட்டியல் நீண்டுக்கிட்டே போகுதுன்னா விலை கம்மின்னுதான் அர்த்தம். குறைஞ்ச விலையில ஏதாவது வேணும்னு கேக்கறவங்களுக்கு டெல்ரின் பிளாஸ்டிக்ல ஒன்னு செஞ்சு கொடுக்கலாம், சாமான் செலவு குறையும், வேலை நேரம் பெருசா குறையாது, அதனால அதையும் பாதி விலைக்கு விக்காதீங்க. கீ வச்சு கேட்டா இப்போதைக்கு வேணாம்னு சொல்லிடுங்க. ஒவ்வொரு கீக்கும் தாங்கற கட்டை, பின், ஸ்பிரிங், பேட் எல்லாம் வேணும், அது தட்டான் வேலை, அதுக்கு தனிக் கணக்கு.

இப்ப புது மாடல். 19ஆம் நூற்றாண்டுல லண்டன்ல ஓஹோன்னு வித்த ஃப்ளூட்தான் இன்னைக்கு ஐரிஷ் ஃப்ளூட்டா நிக்குது. ஜெர்மனிக்காரர் போம் (Boehm) 1847ல நேர் குழாய் உலோக ஃப்ளூட் கொண்டு வந்தப்புறம் ஆர்கெஸ்ட்ராக்காரங்க மெல்ல மெல்ல அந்தப் பக்கம் போக, பழைய மர ஃப்ளூட் மலிவா அயர்லாந்து கலைஞர்கள் கைக்கு வந்துச்சு. அதுல ரெண்டு வம்சம் உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும், பிராட்டன் மாடல்ல துளை பெருசு, சத்தம் கணீர்னு வரும், ருடால் அண்ட் ரோஸ்ல துளை சின்னது, விரலுக்கு சுலபம். கை சின்னவங்க கேக்கறது ரெண்டாவது வம்சம். ஆனா பழசை அப்படியே அளவெடுத்து செய்யாதீங்க, இன்னைக்கு 440 ஹெர்ட்ஸ் ஸ்ருதியில வாசிக்கும்போது அடி டி ஸ்வரம் இறங்கிப் போற குறை அந்த பழைய குழல்ல நிறைய உண்டு.

நான் சொல்றது, ரீமரைத் தொடாதீங்க. உள் குழாய் மாறினா கீழ் ஸ்தாயிக்கும் மேல் ஸ்தாயிக்கும் உள்ள பொருத்தமே கலைஞ்சிடும், எல்லாத்தையும் முதல்லேர்ந்து பாக்கணும். துளையை மட்டும் மாத்துங்க. வலது கை மோதிர விரல் துளை, அதைத்தான் எட்டலன்னு சொல்லுவாங்க, அதை வாய்ப் பக்கமா தள்ளினா ஈ (E) ஸ்வரத்தோட ஸ்ருதி ஏறிடும், ஏறினதை இறக்க துளையைச் சின்னதாக்கணும், சின்னதாக்கினா சத்தம் அடைச்ச மாதிரி ஆகும், அப்புறம் உள்பக்கமா சரிச்சுக் குடைஞ்சா சத்தம் திறக்கும் ஆனா ஸ்ருதி மறுபடி கொஞ்சம் ஏறும், அதனால ஆரம்பத்துலயே தேவையை விட சின்னதா போட்டுட்டு கொஞ்சம் கொஞ்சமா குடைஞ்சு வாங்க, எடுத்த மரம் திரும்பி வராது. இன்னொரு வழி, இடது கை பாகத்தையும் வலது கை பாகத்தையும் தனி ஜாயிண்டா வச்சா, வாசிக்கறவங்க வலது பாகத்தை அவங்கவங்க கைக்குத் தகுந்த மாதிரி திருப்பிக்கலாம். என்னைக் கேட்டா இதை முதல்ல செஞ்சு பாருங்க, புதுத் துளைக் கணக்கே தேவைப்படாமப் போகலாம்.

சோதனைக் குழலை டெல்ரின்ல செய்யுங்க, நம்ம ஊர் ஈரப்பதத்துல மரம் இன்னைக்கு ஒரு அளவு நாளைக்கு ஒரு அளவு காட்டும், டெல்ரின் அப்படி அசையாது. நீங்க மட்டும் ஊதிப் பாத்து முடிவு பண்ணாதீங்க, கர்நாடக குழல் ஊதின உதடு உங்களுது, ஐரிஷ் வாசிக்கறவங்க வேற விதமா ஊதுவாங்க, ஸ்ருதியே மாறும். ரெண்டு மூணு பேர் கையில கொடுத்து வாசிக்கச் சொல்லி டியூனரைப் பாருங்க.

ஆப்பிரிக்கன் பிளாக்வுட் துண்டா வாங்கினா அனுமதிப் பேப்பர் கேட்டு வாங்குங்க. 2017ல அந்த மர இனமே சைட்டீஸ்ங்கற, அருகி வர்ற உயிரினங்களோட சர்வதேச வணிக ஒப்பந்தக் கட்டுப்பாட்டுக்குள்ள வந்துச்சு, 2019ல விலக்கு கிடைச்சது செஞ்சு முடிச்ச வாத்தியத்துக்குத்தான், மரத்துக்கு இல்ல. அதோட தூள் தோலுக்கும் மூச்சுக்கும் ஆகாது, வீவக அடுக்குமாடி வீட்டுல லேத் போட்டு புள்ளைங்க இருக்கற இடத்துல கடையாதீங்க தம்பி, மாஸ்க்கும் தூசி இழுக்கற மெஷினும் இருக்கற பட்டறையா பாருங்க.

கேள்வி: மகளுக்கு மர ஐரிஷ் ஃப்ளூட் வாங்கிக் கொடுத்தேன். ராத்திரி பூரா ஏர்கான் ரூம்ல இருக்கு, இப்ப ஜாயிண்ட் ரிங் லொடலொடன்னு ஆடுது. தேக்காவுல வாங்கின மூங்கில் குழலுக்கு இந்தத் தொல்லை இல்லையே? - தெம்பனிஸ் வாசகி

பதில்: ரிங் ஆடுதுன்னா மரம் காஞ்சு சுருங்குதும்மா. தலைப் பாகத்துக்குள்ள உலோகக் குழாய் இருந்தா மரம் சுருங்கும், அது சுருங்காது, அப்பதான் வெடிப்பு வரும். உங்க மூங்கில் குழலுக்குள்ள அப்படி ஒன்னும் கிடையாது. ஏர்கான் காத்துல திறந்து வைக்காம மூடுற பெட்டிக்குள்ள வைங்க, வாசிச்சதும் கழட்டி உள்ள துணி விட்டு துடைக்கச் சொல்லுங்க, புதுக் குழல்னா ஆரம்பத்துல தினம் கொஞ்ச நேரம் மட்டும் வாசிக்கட்டும். ரிங்கை பசை போட்டு ஒட்டிடாதீங்க, செஞ்சவர்கிட்ட காட்டுங்க.