தண்ணீர்மலைப் பால்குடம்: அம்மாவுக்கு முட்டி வலி

வணக்கம் தம்பி. தைப்பூசத்துக்குப் பினாங்கு தண்ணீர்மலை முருகன் கோயிலில் பால்குடம் எடுப்பதாக உங்கள் அம்மா வேண்டிக்கொண்டதையும், முட்டி ஆப்பரேஷனுக்குப் பிறகு படியேற டாக்டர் விடவில்லை என்பதையும் படித்தேன். 513 படி, நல்ல கால் உள்ளவனுக்கே மூச்சு வாங்கும்.

அடிவாரத்துக்குப் பக்கத்தில், வாட்டர்ஃபால் ரோட்டிலேயே நகரத்தார் தண்டாயுதபாணி கோயில் இருக்கிறதே! பினாங்கு ஸ்திரீட் கோயில் வீட்டிலிருந்து புறப்படும் வெள்ளி ரதம் வந்து நிற்பது அங்கேதான். சமதளம். மலைமேல் இருப்பவரும் முருகன்தான், இங்கே இருப்பவரும் முருகன்தான். பூசத்தன்று அபிஷேகத்துக்குப் பால் எப்போது கொடுக்கலாம் என்று அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்டு வையுங்கள்.

மலைதான் வேண்டும் என்று அம்மா பிடிவாதம் பிடித்தால் (பிடிப்பார், நம் அம்மாக்கள் அப்படித்தான்), விரதத்தை அவர் இருக்கட்டும், குடத்தை நீங்கள் சுமந்து ஏறுங்கள். குடும்பத்தில் ஒருவருக்காக இன்னொருவர் எடுப்பது காலகாலமாக நடப்பதுதான்.

வேண்டுதல் தவறினால் தெய்வக் குற்றம், இவ்வளவு ரிங்கிட் கட்டினால் பரிகாரம் என்றாராமே அந்தச் சாமியார்? ஒரு காசு கொடுக்காதீர்கள். முருகன் வட்டிக்கடை வைத்திருக்கவில்லை.

விரதத்தில் மாத்திரையை மட்டும் நிறுத்த விடாதீர்கள். ரதம் வருகிற நாளில் சாலைகளை அடைத்துவிடுவார்கள், அம்மாவுக்குச் சக்கர நாற்காலி ஏற்பாடு செய்துகொள்ளுங்கள்.