ஜீப், அம்பாசிடர், பத்மினி: உட்புறத் தகட்டின் பழைய பெயிண்டை எடுப்பது பற்றிய கேள்வி பதில்

பழைய வண்டிகளைச் சீரமைக்கும் அன்பர்கள் அனுப்பிய கேள்விகளில், உட்புற இரும்புத் தகட்டின் பெயிண்டைப் பற்றியவற்றை மட்டும் தொகுத்து விடையளித்திருக்கிறேன். ஒரே பொருளைப் பலர் கேட்டிருந்த இடங்களில் ஒரு கேள்வியாக இணைத்திருக்கிறேன்.

கேள்வி (கோவை): நான் வாங்கிய பழைய மகிந்திரா ஜீப்பின் டேஷ்போர்டு, தரை, சக்கர வளைவுகள் என எல்லா இடத்திலும் முன்பு வைத்திருந்தவர் தூரிகையால் எனாமல் பூசியிருக்கிறார். எல்லாவற்றையும் வெறும் தகடு வரை எடுத்துத்தான் ஆக வேண்டுமா?

பதில்: வேண்டியதில்லை. இரும்பைக் கெட்டியாகப் பிடித்திருக்கும் ஆலைப் பூச்சு, நாம் பட்டறையில் அடிக்கும் எந்தப் பிரைமரைவிடவும் நன்றாகப் பிடித்திருக்கும். ஆலையில் தகட்டைக் கழுவி, பாஸ்பேட் குளியலில் முக்கி, சூளையில் சுட்டுப் பெற்ற பிடிப்பைக் கையால் திரும்பக் கொண்டுவர முடியாது. ஆகவே எதை எடுப்பது என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். எப்படி எடுப்பது என்பது அதற்குப் பிறகுதான்.

கூர்மையான பிளேடால் 2 மில்லிமீட்டர் இடைவெளியில் குறுக்கும் நெடுக்குமாகச் சில கோடுகள் தகடு வரை கீறி, அதன்மேல் ஒட்டும் டேப்பை அழுத்தி ஒட்டிச் சட்டென்று இழுங்கள். எந்த அடுக்கிலிருந்து பெயர்ந்து வருகிறது என்று உரிந்த துண்டின் ஓரத்தை உருப்பெருக்கிக் கண்ணாடியால் பாருங்கள். மேலே வெள்ளை, அதன்கீழ் சாம்பல், அதன்கீழ் நீலம், அடியில் செங்காவி ரெட் ஆக்சைடு என வண்டியின் வரலாறே அந்த ஓரத்தில் கோடுகோடாகத் தெரியும். வெள்ளை மட்டும் உரிந்து நீலம் அசையாமல் இருந்தால் நீலத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். துண்டின் முதுகில் பழுப்புத் தூள் ஒட்டியிருந்தால் அடியில் துரு ஓடியிருக்கிறது என்று பொருள். அந்த இடத்தில் மட்டும் தகடு வரை இறங்கியே தீர வேண்டும்.

கேள்வி (மதுரை): மேலே இருப்பது எந்த வகைப் பெயிண்ட் என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பதில்: வெள்ளைத் துணியில் என்.சி. தின்னரை நனைத்து, மறைவான ஓரிடத்தில் ஒரு நிமிடம் அழுத்திப் பிடித்துத் தேயுங்கள். நிறம் துணியில் கரைந்து வந்தால் அது நம் பட்டறைகளில் இன்றும் டூகோ என்று சொல்லப்படும் நைட்ரோசெல்லுலோஸ் லாக்கர். கரையாமல் மென்மையாகிச் சுருங்கி எழும்பினால், காற்றில் உலர்ந்த எனாமல். ஒன்றுமே நடக்கவில்லை என்றால், இரண்டு பாகம் கலந்து அடிக்கும் பி.யூ. (பாலியூரிதேன்) அல்லது சூளையில் சுட்ட எனாமல். புதுப் பூச்சை எதன்மேல் அடிக்கலாம் என்பதையும் இதே சோதனைதான் சொல்லும். எனாமலின்மேல் தின்னர் கலந்த பூச்சை நேரடியாக அடித்தால் சுருக்கம் விழுந்து வேலை முழுவதும் பாழாகும்.

கேள்வி (புதுச்சேரி): என் பத்மினியில் கதவுகளின் உட்சட்டத்திலும் டேஷ்போர்டு தகட்டிலும் யாரோ கறுப்பு அடித்திருக்கிறார்கள். அடியில் ஆலையின் நிறம் அப்படியே இருப்பது போலத் தோன்றுகிறது. அதை மீட்க முடியுமா?

பதில்: மேலே இருப்பது லாக்கராகவும் அடியில் இருப்பது சுட்ட எனாமலாகவும் இருந்தால் மீட்கலாம், இந்த வேலையிலேயே எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். லாக்கரைக் கரைக்கும் தின்னர் சுட்ட எனாமலை உடனே தாக்குவதில்லை. கையுறைப் பெட்டிக்குப் பின்னால் உள்ள தகட்டில் முதலில் செய்து பாருங்கள். பஞ்சில் தின்னரை நனைத்து, உள்ளங்கையளவு இடத்தில் மட்டும் ஒற்றி, சில விநாடிகளில் துடைத்து எடுங்கள்; ஒவ்வொரு முறையும் புதுப் பஞ்சு வேண்டும், இல்லையென்றால் கரைந்த கறுப்பையே திரும்பத் தடவிக்கொண்டிருப்பீர்கள். பஞ்சில் அடிநிறம் இலேசாகத் தென்பட்டவுடனே நிறுத்திவிட்டு, எஞ்சிய மங்கலை 1500 அல்லது 2000 எண் தண்ணீர் உப்புத்தாளில் சோப்பு நீர் விட்டு மெதுவாகத் தேய்த்து, பிறகு ரப்பிங் காம்பவுண்டால் மெருகேற்றுங்கள். மேலே இருப்பதும் எனாமல் என்றால் இந்த முறை பலிக்காது. அப்போது தண்ணீர் உப்புத்தாள் ஒன்றுதான் வழி, வேகமும் நத்தை வேகம்தான். இருந்தாலும் ஆலையின் நிறம் ஒரு வண்டியில் ஒருமுறைதான் இருக்கும். அதை மீட்க ஒரு மாதம் ஆனாலும் தகும் என்பதே என் எண்ணம்.

கேள்வி (சென்னை): கடையில் கிடைக்கும் பெயிண்ட் ரிமூவரை வண்டிக்குள் உட்கார்ந்து பூசலாமா? வாசனை தலைசுற்ற வைக்கிறது.

பதில்: தலைசுற்றுகிறது என்றால் உடனே வெளியே வாருங்கள். வேகமாக வேலை செய்யும் ரிமூவர்கள் பலவற்றில் மெத்திலீன் குளோரைடு உள்ளது. அது ஏறத்தாழ 40 டிகிரி செல்சியஸிலேயே கொதித்துவிடும். நம் ஊர் வெயிலில் நிற்கும் வண்டியின் தகடு அதைவிடச் சூடாக இருக்கும். அதன் ஆவி காற்றைவிட ஏறத்தாழ 3 மடங்கு கனமானது என்பதால் சன்னல் வழியாக எழும்பிப் போகாமல், தரைத்தகட்டின் பள்ளத்தில் தேங்கி நிற்கும். நீங்கள் பெடல்களுக்கு அடியில் தலையைக் குனிந்து சுரண்டுவதும் அதே பள்ளத்தில்தான். உடலுக்குள் போனதும் அது கார்பன் மோனாக்சைடாக மாறி இரத்தத்தின் ஆக்சிஜனைக் குறைக்கிறது. அமெரிக்காவில் குளியல் தொட்டிகளின் பூச்சை இதைக்கொண்டு எடுத்த தொழிலாளர்கள் பலர் இறந்ததுண்டு. 2019ஆம் ஆண்டில் அந்நாடு பொதுமக்களுக்கு இத்தகைய ரிமூவரை விற்பதைத் தடை செய்தது. கரி வடிகட்டி பொருத்திய சாதாரண முகக்கவசம் இதற்குப் போதாது. மெல்லிய நைட்ரைல் கையுறையையும் சில நிமிடங்களில் ஊடுருவிவிடும்.

எனவே டப்பாவின் மேல் எழுதியிருப்பதைப் படித்து, அந்தப் பொருள் இருந்தால் வண்டிக்குள் பயன்படுத்தவே வேண்டாம். கழற்றக்கூடிய பாகங்களைத் திறந்த வெளியில், நிழலில், காற்றுக்கு முதுகு காட்டி நின்று செய்யலாம். உள்ளே செய்ய வேண்டியவற்றுக்குப் பென்சைல் ஆல்கஹால் அடிப்படையிலான ரிமூவரைத் தேடி வாங்குங்கள். அது மணிக்கணக்கில் ஊற வேண்டியது. கெட்டியாக, ஒரே திசையில் பூசி, மேலே பாலிதீன் தாளை ஒட்டிவிட்டால் காயாமல் வேலை செய்யும். இதற்கும் கதவுகளைத் திறந்து வைத்து, வெளியே காற்றைத் தள்ளும் மின்விசிறி ஒன்றை வையுங்கள்.

தகடுகள் இணையும் மடிப்புகளில் எந்த ரிமூவரும் இறங்கக்கூடாது. அங்கே புகுந்தால் கழுவி எடுக்க முடியாது. புதுப் பெயிண்ட் அடித்துச் சில வாரங்களில் மடிப்போரமாகக் கொப்புளங்கள் எழும். மடிப்புக்கு ஒரு விரற்கடை முன்பே டேப் ஒட்டி நிறுத்திவிட்டு, மீதியைச் சுரண்டியாலும் உப்புத்தாளாலும் முடியுங்கள்.

கேள்வி (திருநெல்வேலி): காஸ்டிக் சோடா கரைசல் மலிவாக முடிகிறதே?

பதில்: கழற்றி எடுத்த இரும்புப் பாகங்களுக்கு மட்டும் பொருந்தும். எனாமலை அது சோப்பாக மாற்றிக் கரைக்கும், பி.யூ. பூச்சின்மேல் பெரிதாக ஒன்றும் செய்யாது. அலுமினியத்தை அரித்து ஹைட்ரஜன் வாயுவை வெளியேற்றும். வண்டிக்குள் ஊற்றினால் மடிப்புகளில் தங்கி, அடுத்து அடிக்கும் எனாமலையும் அடியிலிருந்தே சோப்பாக்கும். வேண்டாம்.

கேள்வி (ஈரோடு): கிரைண்டரில் வயர் பிரஷ் மாட்டித் தேய்த்தால் ஒரே நாளில் முடியும் என்கிறார் டிங்கர்.

பதில்: முடியும்தான், ஆனால் தட்டையான மெல்லிய தகட்டில் கிரைண்டரை ஒரே இடத்தில் நிறுத்தினால் சூடேறித் தகடு விரிந்து, கையால் அழுத்தினால் டப்பென்று உள்ளே போய் வெளியே வரும் நிலைக்கு வந்துவிடும். பிறகு அதைச் சரிசெய்வது பெயிண்டை எடுப்பதைவிடப் பெரிய வேலை. கருப்பு நைலான் வட்டு வயர் பிரஷைவிட நல்லது. பெயிண்டைக் கடிக்கும், இரும்பை அவ்வளவாகக் கடிக்காது. வேகத்தைக் குறைத்து, கையை ஓட்டத்திலேயே வைத்திருங்கள். வயர் பிரஷின் கம்பிகள் தெறிக்கும் என்பதால் முழு முகக்கவசம் கட்டாயம்.

முக்கியமான ஒன்று. அமெரிக்க வில்லிஸ் ஜீப்பின் வழிவந்த பழைய ஜீப்புகளில் எரிபொருள் டேங்க் ஓட்டுநர் இருக்கைக்கு அடியிலேயே இருக்கும். டேங்கைக் கழற்றி வெளியே வைக்காமல் உள்ளே தீப்பொறி பறக்கும் எந்த வேலையையும் தொடங்காதீர்கள். பாட்டரி இணைப்பையும் எடுத்துவிடுங்கள். சேசிஸ் எண் குத்தியிருக்கும் இடத்தில் வட்டு படவே கூடாது. எழுத்துகள் தேய்ந்தால் எஃப்.சி.க்குப் போகும்போது பதில் சொல்ல முடியாது.

கேள்வி (சேலம்): மணல் அடித்து எடுத்தால்?

பதில்: சேசிஸுக்கும் தடித்த பாகங்களுக்கும் நல்லது. கதவு, தரைபோன்ற அகலமான தகட்டில் அழுத்தம் கூடினால் தகடு நெளியும். வண்டியை முழுவதும் பிரித்த பிறகே செய்ய வேண்டும். மணல் வயரிங்கிலும் ஸ்டீயரிங்கிலும் புகுந்தால் வெளியே வராது. ஆற்று மணல் அடிப்பவரிடம் கொடுக்காதீர்கள். அந்தத் தூசி அடிப்பவரின் நுரையீரலில் சிலிகோசிஸ் நோயைத் தரும். மணலுக்குப் பதில் கார்னெட் என்ற கனிமத் துகளை அடிப்பவரைத் தேடுங்கள்.

கேள்வி (திருச்சி): அம்பாசிடர் தரையில் தார் ஷீட்டும் அதன்மேல் பெயிண்டும் இருக்கின்றன. ஹீட் கன் பயன்படுத்தலாமா? வீட்டில் சிறு குழந்தை உண்டு.

பதில்: தாருக்குப் பயன்படுத்தலாம், கை பொறுக்காத அளவு சூடு போதும், புகை வரக்கூடாது. இளகியதும் அகலமான பட்டித் தகட்டால் வழித்தெடுத்து, ஹீட் கன்னை அணைத்து, தகடு ஆறிய பின் மீதியை மண்ணெண்ணெய்த் துணியால் துடையுங்கள். அதன் பிறகே உப்புத்தாள்; எண்ணெய்ப் பசையோடு தேய்த்தால் அது கீறல்களில் படிந்து, புதுப் பூச்சில் மீன்கண்போல் குழிகள் விழும்.

பெயிண்டின் மேல் ஹீட் கன் வேண்டாம். பழைய வாகனப் பெயிண்டில், குறிப்பாக மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு நிறங்களில், ஈயம் இருப்பதாகவே கொள்ளுங்கள். இந்தியாவில் 2017 நவம்பர் முதல் நடைமுறையில் உள்ள 90 பிபிஎம் (பத்து லட்சத்தில் 90 பங்கு) ஈய வரம்பு வீட்டுப் பெயிண்டுக்கும் அலங்காரப் பெயிண்டுக்கும் உரியது; உங்கள் வண்டியின் பூச்சோ அதற்கு வெகுகாலம் முன்பே அடித்தது. உலர் தூசியைக் கிளப்பாமல் தண்ணீர் விட்டுத் தேயுங்கள். நுண்தூசியைத் தடுக்கும் பி100 வடிகட்டி பொருத்திய முகக்கவசம் அணியுங்கள். வேலை உடையோடு குழந்தையைத் தூக்காதீர்கள். அந்த உடையை வீட்டுத் துணிகளோடு சேர்த்துத் துவைக்கவும் கூடாது. சுரண்டிய துகள்களைத் துடைப்பத்தால் பெருக்காமல் ஈரத் துணியால் வாரி, பையில் கட்டிவையுங்கள்.

கேள்வி (நாகப்பட்டினம்): தகடு வரை எடுத்து வைத்தேன், மறுநாள் காலையில் மஞ்சள் துரு பூத்திருக்கிறது.

பதில்: கடற்கரை ஊரில் வெறும் இரும்பு ஓரிரவுகூடத் தாங்காது. ஒரு நாளில் எவ்வளவு இடத்திற்குப் பிரைமர் அடிக்க முடியுமோ, அவ்வளவு இடத்தை மட்டும் அன்று வெறுமையாக்குங்கள். பூத்த துருவை 120 எண் உப்புத்தாளால் உலர்வாகவே எடுத்து (இது இரும்புத் துருதான், பெயிண்ட் மீதியில்லாத இடத்தில் அஞ்ச வேண்டாம்), கிரீஸ் நீக்கும் கரைப்பானால் துடைத்து, அன்றே எபாக்சி பிரைமர் அடியுங்கள். ரெட் ஆக்சைடு மலிவு என்றாலும் ஈரத்தை உறிஞ்சும். அதை மட்டும் அடித்து மழைக்காலம் முழுவதும் வைக்கக்கூடாது. பாஸ்பாரிக் அமிலம் கலந்த துரு நீக்கியைப் பூசினால் காயவிடாமல் கழுவித் துடைத்தெடுங்கள்; எஞ்சிய அமிலத்தின் மேல் எபாக்சி சரியாக இறுகாது.

கேள்வி (வேலூர்): ஏலத்தில் எடுத்த ராணுவ ஜீப்பின் அடியில் ஆலிவ் பச்சை தென்படுகிறது. உள்ளே அதே நிறத்தை அடிக்கலாமா?

பதில்: பாதுகாப்புத் துறையின் வண்டிகளைத் தவிர வேறு எதற்கும் ஆலிவ் பச்சை அடிக்கக்கூடாது என்று மத்திய மோட்டார் வாகன விதிகளின் 121ஆம் விதி சொல்கிறது. புதிதாக அடிக்க வேண்டாம். நினைவுக்காக வேண்டுமானால், பெயர்ந்த பழைய பச்சைத் துண்டு ஒன்றைக் கண்ணாடிப் புட்டியில் போட்டு வைத்துக்கொள்ளுங்கள். குழந்தைகளின் கைக்கு எட்டாத இடத்தில்.