ஏஐ வகுப்புக்கு இரண்டரை லட்சமா?

அம்மா, மகன் கணினிப் பொறியியல் மூன்றாம் ஆண்டு. ஏஐ படிக்காவிட்டால் வேலையே கிடைக்காது என்று உங்கள் அண்ணன் வரும்போதெல்லாம் பயமுறுத்துகிறார். இரண்டரை லட்சம் ரூபாய் வார இறுதி வகுப்புக்கு நகையை அடகு வைக்கலாமா என்று கேட்கிறீர்கள். பதற்றம் புரிகிறது, ஆனால் வைக்காதீர்கள். ஒரு சான்றிதழுக்காக வட்டி கட்டுவதை நான் ஒப்புக்கொள்ளவே மாட்டேன். அண்ணன் கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும்.

கணக்குப் போடும் குட்டி நிரல்மொழி ஒன்றை உருவாக்குகிறேன் என்று அவன் நள்ளிரவு தாண்டியும் விழித்திருப்பதைக் குறையாக எழுதியிருக்கிறீர்கள். அது கம்பைலரின் அரிச்சுவடி, அம்மா.

நாம் எழுதும் நிரலைச் சில்லுக்குப் புரியும் கட்டளைகளாக மாற்றுவது கம்பைலர். 2+3*4 என்பதை முதலில் எண், குறி என்று துண்டாக்கும். பெருக்கலுக்கே முன்னுரிமை என்பது தெரியும்படி மரவடிவில் அடுக்கும். நிரல் ஓடும்போது கணக்குப் போடுவானேன் என்று அங்கேயே விடையைக் கண்டுவிடும். இந்த விடையைத் திருப்பித் தரும் சிறு நிரலை சி மொழியில் எழுதி, ஜிசிசி என்ற கம்பைலரின் கட்டளையில் -S சேர்த்து, வரும் அசெம்பிளியை, அதாவது சில்லுக்கான கட்டளைகளின் எழுத்து வடிவத்தை, மகன் திறந்து பார்க்கட்டும். கூட்டலும் பெருக்கலும் காணாமல் போய் 14 மட்டும் இருக்கும். அது எப்படி என்று குடைகிறவனுக்கான துறை இது.

அண்ணன் சொல்லும் ஏஐக்கும் இது வேண்டும். ஏஐ உருவாக்கப் பயன்படும் பைடார்ச் என்ற மென்பொருளின், 2023இல் வந்த 2.0 பதிப்பின் பெரிய புதுமையே கம்பைல் வசதிதான். புதுச் சில்லு வடிவமைக்கும் நிறுவனத்துக்கும் கம்பைலர் தெரிந்தவர் தேவை. இடங்கள் குறைவு என்பதை மறைக்கவில்லை. வளாகத் தேர்வை மட்டும் நம்பினால் இந்த வேலை வராது.

அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 பாடத்திட்டத்தில் ஐந்தாம் பருவத்திலேயே கம்பைலர் பாடம் உண்டு. பொறியியல் மேற்படிப்புக்கான கேட் தேர்விலும் உண்டு. ஐஐடி பேராசிரியர்கள் பாடம் நடத்தும் என்பிடெல் காணொளிகள் இலவசம். சான்றிதழ்த் தேர்வுக்குத்தான் கட்டணம். அடிப்படை பிடிபட்டதும் கம்பைலர் உருவாக்க உதவும் எல்எல்விஎம் என்ற மென்பொருளின் பக்கம் போகட்டும். 2000இல் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் தொடங்கிய திட்டம் அது. மூல நிரலை யாரும் படிக்கலாம், திருத்தம் அனுப்பலாம். புதியவர்களுக்கென்றே எளிய பிழைகளைக் குறியிட்டு வைத்திருக்கிறார்கள். ஏற்கப்பட்ட ஒரு திருத்தம், நேர்காணலில் அந்த வார இறுதிச் சான்றிதழை விட அதிகம் பேசும். பணம் செலவழித்தே தீர வேண்டுமென்றால் மடிக்கணினியின் ரேமைக் கூட்டிக் கொடுங்கள். 8 ஜிபி ரேமில் எல்எல்விஎம்மை மூல நிரலிலிருந்து கட்டி முடிப்பது பெரும்பாடு.

இவ்வளவும் அவனுக்குப் பிடித்திருந்தால் மட்டும். அண்ணனை விட்டுவிட்டு நீங்கள் கம்பைலர் கம்பைலர் என்று நச்சரிக்கத் தொடங்கினால் அதுவும் தவறுதான். அடுத்த கடிதத்தை அவனையே எழுதச் சொல்லுங்கள்.