கணினி கேள்வி–பதில்: பழைய லினக்ஸ் லேப்டாப்பில் பிரவுசர் திணறுகிறதா?

கேள்வி: மகளுக்கு அரசு கொடுத்த விலையில்லா லேப்டாப், 2 ஜிபி ராம், 320 ஜிபி ஹார்டு டிஸ்க். லுபுண்டு 24.04 போட்டிருக்கிறேன். காலையில் பயர்பாக்ஸைத் திறந்தால் வர ஒரு நிமிடத்துக்கு மேல் ஆகிறது. நாலைந்து டேப் திறந்துவிட்டால் மவுஸ் அம்புக்குறிகூட நகர மறுக்கிறது. வேறு பிரவுசருக்கு மாறட்டுமா?
– வாசகர், திண்டுக்கல்

பதில்: மாற வேண்டாம். குரோம், பிரேவ், எட்ஜ் எல்லாமே குரோமியத்தின் பிள்ளைகள். ராமைத் தின்பதில் பயர்பாக்ஸுக்குச் சளைத்தவை அல்ல. உங்களுக்கு இருப்பவை இரண்டு தனித்தனிக் கோளாறுகள். இரண்டையும் ஒன்றாக நினைத்தால் எந்த மருந்தும் வேலை செய்யாது.

திறக்கத் தாமதமாவதற்குக் காரணம் ஸ்னாப் என்ற மென்பொருள் பொட்டல முறை. 22.04 பதிப்பு முதல், லுபுண்டுவும் சேர்ந்த உபுண்டு குடும்பத்தில் பயர்பாக்ஸ் ஸ்னாப் பொட்டலமாகவே வருகிறது. சுருக்கி வைத்த அந்தப் பொட்டலத்தை ஹார்டு டிஸ்க்கிலிருந்து படித்து, பிரித்து, பிறகுதான் பிரவுசர் எழும். எஸ்எஸ்டி இருந்தால் தெரியாது. சுழலும் டிஸ்க்கில் நன்றாகவே தெரியும். பயர்பாக்ஸைத் தயாரிக்கும் மொஸில்லா தன் சொந்த டெப் (உபுண்டுவின் வழக்கமான பொட்டல வகை) களஞ்சியத்தை 2024 ஜனவரி முதல் நடத்துகிறது. அதிலிருந்து நிறுவுங்கள். கட்டளைகள் மொஸில்லாவின் உதவிப் பக்கத்தில் வரிசையாக இருக்கின்றன, அப்படியே ஒட்டலாம். அதில் முன்னுரிமையை 1000 என்று வைக்கும் படியைத் தாண்டிவிடாதீர்கள். தாண்டினால் உபுண்டுவின் பெயரளவு டெப் பொட்டலம் புகுந்து ஸ்னாப்பையே மறுபடி இறக்கிவிடும்.

ஸ்னாப்பை நீக்குவதற்கு முன் ஒரு வேலை. ஹோம் போல்டரில் ஸ்னாப், அதற்குள் பயர்பாக்ஸ், அதற்குள் காமன் என்று போய் கன்ட்ரோல்-ஹெச் அழுத்தினால் புள்ளியில் தொடங்கும் மொஸில்லா போல்டர் தெரியும். பிரவுசரை மூடிவிட்டு அதை ஹோம் போல்டருக்கு நகலெடுங்கள். புக்மார்க், பாஸ்வேர்டு எல்லாம் அதில்தான் இருக்கின்றன. புதிய பயர்பாக்ஸ் முதலில் வெறுமையாகத் திறந்தால் பதற வேண்டாம். முகவரிப் பட்டையில் அபவுட், முக்காற்புள்ளி, புரொபைல்ஸ் என்று (ஆங்கில எழுத்தில், இடைவெளி இல்லாமல்) தட்டி, பழைய புரொபைலை டிபால்ட் ஆக்கிவிட்டு மூடித் திறந்தால் போதும்.

இனி அந்த உறைந்துபோகும் மவுஸ். அது நிற்கும் நேரத்தில் ஹார்டு டிஸ்க் விளக்கைப் பாருங்கள். அணையாமல் எரிந்தால் சிபியு மேல் பழி போடாதீர்கள். ராம் நிரம்பி, கணினி தரவை டிஸ்க்கில் ஸ்வாப் என்று ஒதுக்கிய இடத்துக்கு அள்ளிக் கொட்டி, உடனே திரும்ப அள்ளிக்கொண்டிருக்கிறது. இதற்கு ஸிராம்தான் சரியான வழி. ராமின் ஒரு பகுதியிலேயே தரவைச் சுருக்கி வைக்கும் ஸ்வாப் அது, டிஸ்க்கைத் தொடாது. பொட்டலம் நிறுவும் ஸினாப்டிக் மென்பொருளில் ஸிராம்-டூல்ஸ் பொட்டலத்தை நிறுவுங்கள். பலர் இதோடு நிறுத்திக்கொண்டு ‘ஒன்றும் மாறவில்லையே’ என்பார்கள். நிறுவியதுமே கிடைப்பது வெறும் 256 எம்பி. ஈடிசி போல்டரில் டிபால்ட், அதற்குள் ஸிராம்ஸ்வாப் என்ற கோப்பை நிர்வாகி உரிமையுடன் திறந்து, பெர்சென்ட் வரிக்கு முன்னால் இருக்கும் # குறியை எடுத்துவிட்டு 50 என்று வையுங்கள். சுருக்கும் முறையைச் சொல்லும் அல்கோ வரியிலும் # எடுத்து, எல்ஸெட்4-க்குப் பதில் ஸெட்எஸ்டிடி கொடுத்தால் இன்னும் நன்றாகச் சுருங்கும். ரீஸ்டார்ட் செய்யுங்கள். டிஸ்க் ஸ்வாப்பை அழிக்க வேண்டாம், ஸிராம் நிரம்பினால் மட்டும் அதற்குப் போகும். ஸ்வாப்பை எவ்வளவு தாராளமாகப் பயன்படுத்துவது என்று சொல்லும் ஸ்வாப்பினெஸ் மதிப்பை 10 ஆக்கச் சொல்லும் பழைய குறிப்பு டிஸ்க் ஸ்வாப்புக்கு எழுதியது. ஸிராம் இருக்கும்போது 60-க்குக் கீழே இறக்காதீர்கள். 100 வரை ஏற்றலாம்.

பிரவுசருக்குள் செய்ய வேண்டியதில் முதலாவது யூபிளாக் ஆரிஜின் என்ற விளம்பரத் தடுப்பு ஆட்-ஆன். நம் செய்தித் தளங்களில் செய்தியைவிட விளம்பர ஸ்கிரிப்டின் எடைதான் அதிகம். அதன் செட்டிங்ஸில் குறிப்பிட்ட கேபிக்கு மேற்பட்ட படம், வீடியோவைத் தடுக்கும் வசதியும் உண்டு, 50-இல் தொடங்கிப் பாருங்கள். எந்த டேப் எவ்வளவு விழுங்குகிறது என்று தெரிய ஷிப்ட்-எஸ்கேப் அழுத்தினால் பயர்பாக்ஸின் டாஸ்க் மேனேஜர் வரும். மூடவேண்டிய டேப்பை அங்கேயே மூடலாம்.

பயர்பாக்ஸின் பிராசஸ் (ஒரே நேரத்தில் தனித்தனியாக ஓடும் பகுதிகள்) எண்ணிக்கையை 1 ஆக்கு என்று இன்னும் சொல்லித் திரிகிறார்கள். பயர்பாக்ஸ் இப்போது தளத்துக்கொரு தனி பிராசஸ் வைக்கிறது, அதனால் அந்த எண்ணை மாற்றிப் பெரிதாக மிச்சமில்லை. தனி பிராசஸ் ஏற்பாட்டையே அணைத்தால் ராம் மிஞ்சும், ஆனால் ஒரு தளம் இன்னொரு தளத்தின் தரவை எட்டிப்பார்க்காமல் காக்கும் சுவரும் போய்விடும். வங்கிக் கணக்கைத் திறக்கும் கணினியில் செய்யாதீர்கள். கேஷை (பார்த்த பக்கங்களின் தற்காலிகச் சேமிப்பை) ராமுக்கு மாற்றும் யோசனையோ 2 ஜிபிக்குத் தற்கொலை.

கேள்வி: இரண்டாம் தலைமுறை ஐ3, 4 ஜிபி ராம், லினக்ஸ் மின்ட். பென் டிரைவில் இருக்கும் சினிமா அருமையாக ஓடுகிறது. யூடியூபில் 720 வைத்தால் மட்டும் திக்கித் திக்கி ஓடுகிறது, விசிறி அலறுகிறது. ஏன்?
– வாசகி, நாகர்கோவில்

பதில்: ஓடும் வீடியோ மேல் ரைட் கிளிக் செய்து ‘ஸ்டாட்ஸ் பார் நெர்ட்ஸ்’ திறங்கள். கோடெக் (வீடியோவைச் சுருக்கும் முறை) வரியில் விபி09 அல்லது ஏவி01 என்று தொடங்கினால் சங்கதி புரிந்துவிடும். உங்கள் சிப்பின் கிராபிக்ஸ் பகுதிக்கு ஹெச்.264 தெரியும்; விபி9, ஏவி1 என்ற மற்ற இரண்டும் தெரியாது. விபி9 வீடியோவை முழுதாகத் தானே பிரிக்கும் திறன் இன்டெலில் ஏழாம் தலைமுறையில்தான் வந்தது, ஏவி1-க்குப் பதினொன்றாம் தலைமுறை. அதுவரை எல்லா வேலையும் சிபியு தலையில்.

என்ஹான்ஸ்டு-ஹெச்264இஃபை என்ற ஆட்-ஆன் போட்டு விபி9, ஏவி1 இரண்டையும், 60 எப்பிஎஸ்ஸையும் (நொடிக்கு 60 பிரேம்) தடுத்துவிடுங்கள். கோடெக் வரி ஏவிசி1, அதாவது ஹெச்.264, என்று மாறும். வீடியோவே வராமல் போனால் மல்டிமீடியா கோடெக்ஸ் பொட்டலம் நிறுவப்படவில்லை என்று அர்த்தம். கிராபிக்ஸ் உதவிக்கு ஐ965 விஏ டிரைவர் வேண்டும். இன்டெல்-மீடியா என்ற பெயரில் இருப்பது ஐந்தாம் தலைமுறையிலிருந்துதான் பொருந்தும். லேப்டாப் திரை 1366க்கு 768 என்றால் 1080 வைப்பது வீண்.

கேள்வி: இன்டெல் ஆட்டம் என்270 சிப் உள்ள நெட்புக், 1 ஜிபி ராம். ஏதாவது வழி?
– வாசகர், காரைக்குடி

பதில்: அது 32 பிட் சிப். குரோம் 2016-லேயே 32 பிட் லினக்ஸைக் கைவிட்டது. பயர்பாக்ஸும் 144-ஆம் பதிப்போடு நிறுத்திக்கொண்டது. நீண்டகால ஆதரவுப் பதிப்பான இஎஸ்ஆர் 140-ஐ வைத்துச் சிறிது காலம் ஓட்டலாம். டெபியன் 13-க்கு 32 பிட் இன்ஸ்டாலர் கிடையாது, டெபியன் 12 போடுங்கள். டில்லோ என்ற சிறு பிரவுசர் பறக்கும், ஆனால் ஜாவாஸ்கிரிப்ட் அறவே ஓடாது. விக்கிபீடியா படிக்கப் போதும். ரயில் டிக்கெட் போட முடியாது.

கேள்வி: ஒன்றுக்குத்தான் பணம் இருக்கிறது. ராமா, எஸ்எஸ்டியா?
– வாசகர், கடலூர்

பதில்: 2 ஜிபி என்றால் ராம். 4 ஜிபி இருந்தால் எஸ்எஸ்டி. வாங்கும் முன் பழைய ராமின் ஸ்டிக்கரைப் படியுங்கள்: பிசி3எல் என்றிருந்தால் அதே எல் வகையைத்தான் வாங்க வேண்டும். எல் இல்லாத பிசி3 என்றால் பொதுவாக இரண்டும் சேரும். எஸ்எஸ்டி 7 மிமீ தடிமன், பழைய டிஸ்க் பெரும்பாலும் 9.5 மிமீ. பெட்டியில் தடிமனைச் சரிக்கட்டும் சட்டம் வருகிறதா என்று கடையிலேயே பார்த்து வாங்குங்கள். இல்லாவிட்டால் உள்ளே ஆடிக்கொண்டிருக்கும்.