செர்மாட்டுக்குக் கார் போகாது: வாசகர் கேள்வி-பதில்

பெப்ரவரியில் சுவிஸ் பனிச்சறுக்கு ஊரான செர்மாட் போகிறோம். ஹோட்டலில் கார் நிறுத்த இடம் உண்டா? (லண்டன் வாசகர்)

ஊருக்குள்ளேயே கார் விடமாட்டார்கள். பக்கத்து ஊரான டேஷில் நிறுத்திவிட்டு 12 நிமிடம் ரயிலில் போக வேண்டும். ஹோட்டல் அனுப்பிய மின்னஞ்சலில் இது இருந்திருக்கும். வாசித்தீர்களா?

சுவிஸ் மலையூரான வெங்கனில் மரவீடு ஒன்று, 7 இரவு வாடகைக்கு. முன்பதிவு இணையதளத்துக்கு வெளியே நேரடியாக வங்கிக்கு அனுப்பினால் 20 வீதம் கழிவு என்றார்கள். 1,400 பிராங்க் அனுப்பினோம். பிள்ளைகளோடும் பெட்டிகளோடும் போய்க் கதவைத் தட்டினால், அங்கே வேறொரு குடும்பம் வருடக்கணக்காகக் குடியிருக்கிறது. வெளியில் சொல்லவே வெட்கமாக இருக்கிறது. (பேர்ன் வாசகி)

கீழே பள்ளத்தாக்கில் லவுட்டர்புருன்னனில் பற்சக்கர ரயில் ஏறி, பனிக்குள் பெட்டியை இழுத்துக்கொண்டு போனவர் நீங்கள். வெட்கம் உங்களுக்கு எதற்கு? இன்றே வங்கிக்குச் சொல்லி, அனுப்பிய காசைத் திரும்பக் கேட்கச் சொல்லுங்கள். விளம்பரம் மறைவதற்குள் படங்களையும் உரையாடலையும் எடுத்து வைத்து, பொலிஸில் முறைப்பாடு செய்யுங்கள். காசு திரும்பி வரும் என்று பொய் சொல்லமாட்டேன். இப்படி அனுப்பியது பெரும்பாலும் வராது. ஆனால் முறைப்பாட்டுத் தாள் இல்லாமல் எந்தக் கதவும் திறக்காது.

அடுத்த முறை, காசு கட்டுமுன் அந்த ஊர்ச் சுற்றுலா அலுவலகத்துக்கு முகவரியைச் சொல்லி ஒரு போன் போடுங்கள். வாடகைக்கு விடும் வீடுகளில் ஆளுக்கும் இரவுக்கும் கணக்குப் பார்த்துத் தங்கல் வரி எடுப்பவர்கள் அவர்கள். எந்த வீடு வாடகைக்குப் போகிறது என்று அவர்களுக்குத் தெரியும்.

முதல் முறை சறுக்கப் போனோம். செர்மாட்டில் இத்தாலியப் பக்கமும் சேர்த்து கேபிள் கார்களில் ஏறிச் சறுக்கும் 6 நாள் சீட்டை இணையத்தில் வாங்கிவிட்டோம். முதல் நாளே மனைவிக்குப் பயம் பிடித்துவிட்டது. 14 நாளுக்குள் திருப்பிக் கொடுக்கலாம்தானே? (சூரிச் வாசகர்)

முடியாது. இணையத்தில் வாங்கியதைத் திருப்பும் பொது உரிமை சுவிஸ் சட்டத்தில் இல்லை. 14 நாள் என்பது ஐரோப்பிய ஒன்றியத்தின் விதி. அங்கேயும் குறித்த தேதிக்கான பொழுதுபோக்குச் சீட்டுகளுக்கு அது செல்லாது.

இனி என் புலம்பல். முதல் முறை போகிறவர் முதல் இரண்டு மூன்று நாளும் ஒரு தென்னந்தோப்பு நீளம்கூட இல்லாத மேட்டில்தான் விழுந்து எழும்புவார். நகரும் விரிப்பில் நின்று மேலே போவார், சரிந்து கீழே வருவார். இதற்கு ஏன் ஐயா 3,883 மீட்டரில் இருக்கும் கிளைன் மாட்டர்ஹோர்ன் சிகரம் வரைக்கும் சீட்டு? பயிற்சி மேட்டுக்கு மட்டும் மலிவுச் சீட்டு பல ஊர்களில் இருக்கிறது. ஆனால் விமான டிக்கெட் மாதிரி நாளுக்கு நாள் விலை மாற்றி, 'இப்போது வாங்காவிட்டால் ஏறும்' என்று திரையில் காட்டியதும் எல்லோரும் பெரியதையே அமுக்குகிறார்கள். நானும் அமுக்கியவன்தான். இரண்டாம் நாள் முழங்கால் திருகி, மிச்ச 4 நாளும் ஜன்னலோரம் இருந்து கேபிள் கார் பெட்டிகளை எண்ணினேன். விபத்து என்றால் டாக்டர் கடிதம் பார்த்துச் சில இடங்களில் கொஞ்சம் திருப்பித் தருவார்கள். பயத்துக்கு எந்த டாக்டரும் கடிதம் தரமாட்டார்.

பிள்ளைக்கு ஸ்கீ (சறுக்குப் பலகை), சப்பாத்து வாங்கவா, வாடகைக்கு எடுக்கவா? (பாசல் வாசகி)

வாடகைக்கு. கால் வளரும். எனக்கே ஒரு பழைய சப்பாத்தை மலிவென்று ஒரு அளவு பெரிதாக வாங்கி, இரண்டு காலுறை மாட்டிச் சமாளித்தேன். இரண்டு குதியும் உரிந்துபோனது. நிமிர்ந்து நின்றால் பெருவிரல் முன்னால் லேசாக முட்ட வேண்டும், முழங்காலை மடித்தால் விலக வேண்டும். காலுறை ஒன்றே ஒன்று. கடையில் எடை கேட்டால் கூச்சப்படாமல் உண்மையைச் சொல்லுங்கள். விழும்போது ஸ்கீ எப்போது கழல வேண்டும் என்று, எடை, உயரம், வயது எல்லாம் பார்த்துத்தான் சப்பாத்தைப் பிடிக்கும் பூட்டை முடுக்குகிறார்கள்.

ஷெங்கன் விசாவுக்காக 30,000 யூரோ இன்ஷூரன்ஸ் எடுத்தாச்சு. சறுக்கி விழுந்தாலும் அது போதும்தானே? (சென்னை வாசகர்)

பாலிசியின் விலக்குப் பட்டியலில் 'குளிர்கால விளையாட்டு' இருக்கிறதா பாருங்கள். பல விசா பாலிசிகளில் அதற்குத் தனியாகப் பணம் கட்ட வேண்டும். மலையிலிருந்து ஹெலிகாப்டரில் இறக்கினால் பில் ஆயிரக்கணக்கான பிராங்க். செர்மாட் பக்கம் பறப்பது ஏர் செர்மாட். அவர்களிடம் மீட்புச் செலவுக்கான அட்டை கிடைக்கும்.

உருக்கிய சீஸில் பாணைத் தோய்த்துச் சாப்பிடும் ஃபொண்டு சைவம்தானே? (சென்னை வாசகரின் துணைவியார்)

இறைச்சி இல்லை. வைன் உண்டு, பெரும்பாலும் கிர்ஷ் சாராயமும் உண்டு. அதில் உருக்கும் குரூயேர் சீஸ் கன்றுக்குட்டியின் இரைப்பை நொதியில் உறைய வைத்தது. சாப்பிடுவதும் விடுவதும் உங்கள் பாடு.