லாரி ஸ்டியரிங்கில் பட்டன், டேஷ்போர்டில் டிஸ்ப்ளே

கேள்வி: 24 வோல்ட் லாரி. பாட்டுப் பெட்டிக்கான பட்டனை ஸ்டியரிங்கில் வைக்கலாமா? டீசல் செலவு, இன்ஜின் சூடு காட்டும் டிஸ்ப்ளேயும் வேண்டும்.
– வாசகர், நாமக்கல்

பதில்: முதலில் ஹாரன் பட்டனைக் கழற்றிப் பாருங்கள். ஹாரனுக்கு மட்டும் ஒற்றை ஸ்லிப் ரிங் (ஸ்டியரிங் சுழலும்போதும் மின்சாரத்தைக் கடத்தும் உலோக வளையம்) இருந்தால், அதில் பட்டன் ஒயரைச் சேர்க்கக் கூடாது. ஒவ்வொரு பட்டனையும் அதன் மின்தடையை வைத்துத்தான் பாட்டுப் பெட்டி அடையாளம் காண்கிறது. ரிங்கில் கிரீஸ், கரி படிந்தால் அந்த அளவு மாறும். சத்தத்தைக் கூட்டும் பட்டனை அழுத்தினால் பாட்டு மாறிவிடும். ஒயர்லெஸ் பட்டனே நல்லது. ஸ்டியரிங்கில் ஏர்பேக் இருந்தால் நீங்களே கை வைக்காதீர்கள்.

பெட்டி 12 வோல்ட் என்றால் 24 வோல்ட்டை 12 ஆக்கும் கன்வெர்ட்டர் போடுங்கள். இரண்டு பேட்டரியில் ஒன்றிலிருந்து மட்டும் எடுக்கும் வழக்கம் மோசமானது: அது சார்ஜ் குறைந்து கிடக்கும், மற்றது அளவுக்கு மீறிச் சார்ஜாகும். இரண்டுமே வீணாகும்.

டிஸ்ப்ளே ஜே1939 (லாரி இன்ஜின் தகவல்களை அனுப்பும் முறை) வகையாக இருக்கட்டும். கார் டிஸ்ப்ளே பெரும்பாலும் ஒத்துவராது. லாரியில் பழுது பார்க்கும் கருவியை மாட்டும் ஒன்பது பின் வட்ட சாக்கெட்டில் சி, டி பின்கள்தான் தகவல் ஒயர்கள். பேட்டரியைக் கழற்றிவிட்டு அவற்றுக்கிடையே மல்டிமீட்டரை வையுங்கள். ஒயரின் இரு முனையிலும் ஆளுக்கொரு 120 ஓம் ரெசிஸ்டர் இருப்பதால் 60 ஓம் காட்ட வேண்டும். டிஸ்ப்ளேயை மாட்டியதும் 40 ஆனால், அதற்குள்ளும் 120 ஓம் ரெசிஸ்டர் இருக்கிறது, எடுத்துவிடுங்கள். முதலிலேயே 120 என்றால் லாரி ஒயரிங்கில் ஒரு முனை ரெசிஸ்டரின் இணைப்பு விட்டிருக்கிறது. அதைச் சரிசெய்யாமல் எதையும் மாட்டாதீர்கள்.